சாமான் லிஸ்ட்

இன்னும் ஒரே ஒரு டிக்தான் மிச்சம்.

அவள் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தவில்லை.

ஞாயிறு மத்தியானம். திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியின் மாடி அறை. கட்டிலில் புது லேப்டாப், சொந்தக் காசில் வாங்கியது. பழைய லேப்டாப் கோவையில், கணவனிடம் நின்றுவிட்டது.

கிளவுடில் பழைய கணக்கைத் திறந்ததும், அங்கே கிடந்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எது இந்த லேப்டாப்பில் இறங்க வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கட்டம். கட்டத்துக்குள் டிக்.

"வேண்டாததுக்கு டிக்க எடுத்திருங்கக்கா. இல்லன்னா எல்லாம் வந்து சட்டமா உக்காந்துக்கும்" என்றாள் அறைத்தோழி ரெஜினா. சொல்லிவிட்டுத் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள்.

சான்றிதழ்கள் இருக்கட்டும். கல்யாண ஆல்பத்துக்கு டிக்கை எடுத்தாயிற்று. திறந்துகூடப் பார்க்கவில்லை. தன்னை மெச்சிக்கொண்டாள்.

கடைசியாக நின்றது 'வீடு'.

அவளுக்குத் தெரிந்து அதற்குள் ஒரே ஒரு ஃபைல். சாமான் லிஸ்ட்.

குடித்தனம் தொடங்கிய மாதம் சேது உண்டாக்கியது. அவன் லேப்டாப், அவள் லேப்டாப், இரண்டு போன், எல்லாவற்றையும் அதோடு இணைத்தான். இங்கே எழுதினால் அங்கே தெரியும். தீர்ந்துபோனதை எழுத வேண்டும். யார் வாங்கி வர வேண்டுமோ அவர் பெயரின் முதல் எழுத்தைப் பக்கத்தில் போட வேண்டும். வாங்கியதும் அந்த வரியை அழித்துவிட வேண்டும்.

சேதுவுக்கு சே. வாசுகிக்கு வா.

முதல் வாரமே ரகளை. 'உப்பு நிறைஞ்சிருக்கு - சே' என்று எழுதியிருந்தாள். அவன் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான். வீட்டில் உப்பு நிறைய இருக்கிறது என்று நினைத்துவிட்டானாம்.

உப்பையும் அரிசியையும் இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது. தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான்.

கம்ப்யூட்டருக்கு வாய் ஏது என்று கேட்டான். அன்றைக்கு உப்பில்லாத ரசத்தைச் சிரித்துச் சிரித்தே சாப்பிட்டார்கள்.

ஆனாலும் அவன் மாறவில்லை. உப்பு இல்லை, அரிசி இல்லை என்றேதான் எழுதுவான். அவள் திருத்துவாள். அவன் மறுபடி மாற்றுவான். சில சமயம் இருவரும் ஒரே நேரத்தில் எழுத, கம்ப்யூட்டர் இரண்டு பிரதிகள் எடுத்து இரண்டையும் வைத்துக்கொள்ளும். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாது. அந்தப் பெருந்தன்மை அந்த வீட்டில் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் இருந்தது.

அவளுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. வேலையை விடு என்றான். இரண்டு வருஷம்தானே என்றாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கிளம்பும் அன்று பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"போ" என்றான்.

போயிட்டு வா என்பதில் பாதி. மீதியையும் சொல்வான் என்று, ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை அவன் வாயையே பார்த்துக்கொண்டு போனாள்.

பதினோரு மாதம். அவனும் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

போகிற பஸ்ஸிலேயே போனில் அந்த லிஸ்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். அவ்வளவு ரோஷம். ஒரு நாள்கூட அவனை நினைக்காமல் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒருமுறை விடுதிச் சாப்பாட்டில் உப்பு போதவில்லை. மேசையில் இருந்த ஜாடியும் காலி. "அண்ணே, உப்பு நிறைஞ்சிருக்கு" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள். பரிமாறுகிறவர் சரிம்மா என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சேர்ந்து சிரிக்கப் பக்கத்தில் அவன் இல்லை. அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

டிக் அப்படியே இருந்தது.

எடுத்துவிட்டால் வராது. அவ்வளவுதான். பதினோரு மாதத்துக்கு முந்தைய பருப்பையும் பெருங்காயத்தையும் பார்த்து என்ன ஆகப்போகிறது?

எடுக்காமலே 'சரி'யை அழுத்தினாள்.

நீல வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. விடுதி வைஃபை. ஞாயிற்றுக்கிழமை வேறு, ஆளுக்கொரு படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சுற்றியது.

சுற்றிக்கொண்டே இருந்தது. அழித்திருப்பானோ? அழித்திருந்தால் இங்கேயும் இருக்காது.

நீலம் பச்சையானது.

ஃபைல் இருந்தது. பக்கத்தில் கடைசியாக அதில் கைவைத்த தேதி.

நேற்று. மாலை ஆறு ஐம்பது.

நேற்றா?

திறந்தாள். மொத்தம் மூன்று வரிகள்.

முட்டை 3 - சே

காபித்தூள் 100 கிராம் - சே

அரைக் கிலோ வாங்கும் வீடு அது. காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று டம்ளர்கள் வரிசையாக நிற்கும்.

புதியதை மேலே எழுதுவது அவன் வழக்கம். வாங்கியதை அன்றைக்கே அழித்தும் விடுவான், அந்த ஒன்றில் மட்டும் ஒழுங்கு. அதனால் அடியில் கிடப்பதுதான் நாள்பட்டது. எழுதி எத்தனை மாதம் ஆயிற்றோ, இன்னும் வீடு வந்து சேராதது.

மூன்றாவது வரியை அவள் ஒருமுறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

வீடு நிறைஞ்சிருக்கு - வா