சிப்பிமேல் சீஸ்

“ஆமா, நான்தான் சீஸ் கேட்டேன். இப்ப என்ன?” என்றார் எர்மானோ.

ஞாயிறு மதியம். துறைமுகத்தை ஒட்டி இருக்கும் நேவியோவின் ஓட்டல். வெளியே குடைக்குக் கீழே போட்டிருந்த முப்பது மேஜையிலும் ஆள். அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வது? எர்மானோவின் தட்டில் சிப்பி போட்ட ஸ்பகெட்டி. அதன்மேல் துருவிய சீஸ், குவியலாக! கடலில் பிடித்ததன்மேல் சீஸ் தூவுவதை எங்கள் கரையில் பிறந்த எவனும் செய்ய மாட்டான். சுற்றுலா வருகிற ஜெர்மனிக்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்கே தர மாட்டோம்.

நேவியோ இடுப்பில் கைவைத்து நின்றார்.

“முப்பது வருஷம் மீன் ஏலம் விட்ட மனுஷன் நீங்க! இதைக் கேக்க எப்படி வாய் வந்துச்சு?”

“ஆசையா இருந்துச்சு.”

“ஆசையா? காலையில வந்த சிப்பி அது! என் பொண்டாட்டி அடுப்புல வெந்து செஞ்சிருக்கா. இதைப் பார்த்தா அழுதுடுவா.”

“அவங்க பார்க்கறதுக்குள்ள சாப்பிட்டுடறேன். கொஞ்சம் நகருங்க, காத்து வரட்டும்.”

பக்கத்தில் சர்வர் எல்டா சீஸ் கிண்ணத்தோடு வெளுத்துப்போய் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஐம்பது வயதிருக்கும், மலைக் கிராமத்துக்காரி. வந்ததும் வராததுமாக இப்படி ஒரு ஆளிடம் மாட்டிக்கொண்டாளே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

“அப்படியே ஒரு கப்புச்சினோவும் கொடுங்க நேவியோ, தொட்டுக்கட்டும்!” என்றது ஒரு குரல்.

“தக்காளி சாஸ் பாட்டில் இருந்தா அதையும் கவுத்துடுங்க!”

மேஜைக்கு மேஜை சிரிப்பு.

எர்மானோ தலை நிமிரவில்லை. சுருட்டிச் சுருட்டி வாயில் போட்டார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு ஒயின். கஷாயம் குடிக்கிறவர் முகம்தான்.

எல்லோரையும்விட ரசித்தது என் அக்கா ஒர்னெல்லா.

“பார்த்தியாடா? இந்த நாக்குதான் பதினோரு வருஷமா நமக்கெல்லாம் தீர்ப்பு சொல்லுது!”

அடுத்த ஞாயிறு ஊரில் மீன் குழம்புப் போட்டி. அதற்கு எர்மானோதான் நடுவர். மனைவி போனபிறகு அந்த மனிதருக்கு வருடத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சந்தோஷம் அந்த ஒரு நாள். ஒரு மாதம் முன்பிருந்தே வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றித்தான் பேசுவார். அக்கா ஆறு வருடமாக அந்த நாற்காலிமேல் கண் வைத்திருக்கிறாள்.

ஃபோனை எடுத்தாள். போட்டிக் கமிட்டிச் செயலாளரைக் கூப்பிட்டாள், நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரி.

“சிப்பிமேல சீஸுங்க! அவரே கேட்டு வாங்கியிருக்கார். ஊரே பார்த்துட்டிருக்கு. இவரை நடுவர்னு உக்கார வெச்சா பக்கத்து ஊர்க்காரன் வாயால சிரிக்க மாட்டான்… ஆமா, இன்னிக்கே எடுத்துடுங்க… யாரு, நானா? ஐயோ, நீங்க இவ்வளவு சொல்றப்ப எப்படி மறுக்கறது?”

எர்மானோவுக்கும் கேட்டது. முள்கரண்டி கொஞ்ச நேரம் தட்டிலேயே நின்றது. அக்காவைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குனிந்து தட்டைக் காலி செய்தார்.

“நல்லா இருந்துச்சுன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க,” என்று எழுந்தார்.

“இனிமே இந்தப் பக்கமே வந்துடாதீங்க,” என்றார் நேவியோ.

எர்மானோ மேஜைகளுக்கு நடுவே நடந்து போனபோது யாரோ கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எங்கள் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்த எல்டா, வைத்த பிறகும் நகரவில்லை.

“அம்மா, அவர் சீஸே கேக்கலை.”

“என்ன சொல்றே?”

“நான்தான் போட்டேன். எங்க ஊர்ப் பக்கம் எல்லாத்துமேலயும் போடுவோம், கைப்பழக்கம். ஏற்கெனவே ரெண்டு தப்பு பண்ணிட்டேன். இன்னொண்ணு நடந்தா மூட்டையைக் கட்டுன்னு முதலாளி காலையிலதான் சொன்னார். அவர் கத்திக்கிட்டே வர்றதைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் என் கையை அழுத்தி, ‘நீ பேசாம இரு’ன்னார்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

“சீஸோட போகும்னுதான் நானும் நெனச்சேன். இப்ப அவரோட நடுவர் பதவியே போகுதேம்மா! என் வேலை போனா போகட்டும். திரும்ப ஒரு ஃபோன் போட்டு உண்மையைச் சொல்லிடுங்க.”

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. எல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உண்மையைச் சொன்னா நேவியோ உன்னை இப்பவே அனுப்பிடுவான். ஒருத்தி பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரலைம்மா. யார்கிட்டயும் மூச்சு விடாதே. நாங்களும் விடமாட்டோம்.”

எல்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்களுக்கும் அவரை மாதிரியே பெரிய மனசும்மா,” என்றபடி அடுத்த மேஜைக்கு ஓடினாள்.

அக்கா மடியில் துணியை விரித்துக்கொண்டாள்.

“போட்டியன்னிக்கு நீல கவுன் போட்டுக்கட்டுமாடா, பச்சையா?”

“நீலம்,” என்றேன்.