பெருச்சாளியின் புதுச் சான்றிதழ்

வரப்புக்கடியில் எலிகளின் வளைகளெல்லாம் ஒரே நெட்வொர்க்காகப் பின்னிக் கிடந்தன. அதற்குப் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெருச்சாளி. வளையின் சுவரில் மண் தெரியாத அளவுக்கு அவருடைய சான்றிதழ்கள் தொங்கின. வெளியே அலாரமாக ஓர் ஆள்காட்டிக் குருவியை வைத்திருந்தார்கள். யார் வந்தாலும் கத்த வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

அன்று பெருச்சாளிக்கு இன்னொரு பரீட்சை. எருக்கஞ்செடி நிழலில் உட்கார்ந்து, ‘அலாரங்களைக் கையாளும் முறை’ என்ற பாடத்தைத் தலையை ஆட்டி ஆட்டி உருப்போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், வாசல்ல நல்லபாம்பு!” என்று கத்தியது குருவி.

“என்ன தரம்? சாதாரணமா, அவசரமா?”

“பாம்பு சார்!”

“காலையிலயும் இப்படித்தான் கத்தினே. வந்தது ஓணான். என்னைப் படிக்க விடமாட்டியா? இனி நான் சொல்ற வரைக்கும் நீ ம்யூட்!”

ஓணான் வந்தபோது ஓணான் என்றுதான் கத்தியிருந்தது குருவி. அதை யாரிடம் சொல்ல? அலகை மூடிக்கொண்டது. பாம்பு சாவகாசமாக உள்ளே போனது.

பெருச்சாளி பரீட்சையில் முதலாவதாகத் தேறித் திரும்பினார். அலாரம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவர் எழுதியதுதான் மாதிரி விடையாம். சான்றிதழைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றார். கைதட்ட ஓர் எலிகூட வரவில்லை.

“பொறாமை பிடிச்ச ஜென்மங்க!”

சுவரில் மாட்ட இடம் தேடி உள்ளே நுழைந்தார். வாசலுக்குச் சற்று உள்ளேயே பாம்பு படம் எடுத்து நின்றதைக் குருவி நன்றாகவே பார்த்தது.

கத்தவில்லை. அவர் இன்னும் ம்யூட்டை எடுக்கவில்லையே.