ஓலுஃபின் அங்கி

சோப்பு வேரை ஊறவைத்த தண்ணீரில் மறுபடியும் அலசியாயிற்று. கழுத்துப்பட்டியில் இருந்த மஞ்சள் கறை அசைந்து கொடுக்கவில்லை.

ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் போடுகிற வெள்ளை அங்கி. டாக்னியின் குடும்பத்தில் எல்லாருமே இதற்குள் கிடந்து அழுதவர்கள்தான். போட்டுக்கொண்ட குழந்தையின் பெயரை அடிவிளிம்பில் நூலால் தைத்துவிடுவார்கள்.

கடைசிப் பெயர் ஓலுஃப். நீல நூல்.

ஓலுஃபைப் பெற்ற மலேனே, டாக்னியின் மருமகள், கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்றாள். ஞானஸ்நானம் முடிந்த மறுவாரமே பிள்ளை தொட்டிலில் இறந்துபோனான். அந்தக் களேபரத்தில் அங்கி துவைக்காமலே பெட்டிக்குள் போய்விட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை டாக்னியின் மகள் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்குத்தான் இந்த அவசரம்.

பழந்துணி வெளுப்பதில் ரீபே ஊரில் உல்லாவை மிஞ்ச ஆளில்லை; அங்கியை அவள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். சோப்பு வேருக்கு நம் பூந்திக்கொட்டையின் சாந்த குணம். துணியை நோகடிக்காது, பிடிவாதக் கறையிடம் அதன் பாச்சாவும் பலிக்காது.

"வெறும் வேரு பத்தாது. கூட ரசாயன சோப்பும் கொஞ்சம் கலக்கணும்," என்றாள் உல்லா. "எவ்வளவுன்னு சொல்ல, என்ன கறைன்னு தெரியணுமே. காப்பியா, குழம்பா?"

டாக்னி மருமகளைப் பார்த்தாள். மலேனே தெரியாது என்று தலையாட்டினாள்.

"அப்ப குத்துமதிப்பா, சோப்பைத் தூக்கலாத்தான் போடணும். கறை போயிடும். ஆனா அந்த நீல நூல் சாயம் விட்டுடும்."

"பேரைப் பிரிச்சுடுங்க," என்றாள் டாக்னி. "அவனே இல்லைன்னு ஆயாச்சு. இருக்கிற பிள்ளைக்குச் சுத்தமா ஒண்ணு வேணாமா?"

என்ன வாயோ அது. பெற்றவள் பக்கத்தில் நிற்கிறாளே என்றுகூட இல்லை.

மலேனே அழவில்லை. நேராக வந்து மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

"நானே பிரிச்சுத் தரேன், டாக்னி. அது நீங்க வச்ச பேரு, உங்க வீட்டுக்காரர் பேரு. எடுத்துக்குங்க. கறையை மட்டும் விட்டுடுங்க." கழுத்துப்பட்டியைத் தொட்டாள். "அது அவன் கக்கின பாலு. மத்த துணியெல்லாம் நீங்க துவைச்சு யாருக்கோ கொடுத்துட்டீங்க. இது ஒண்ணுதான் மிச்சம்."

டாக்னி எழுந்து வந்து மருமகளின் தோளில் கை வைத்தாள். கத்தரிக்கோலை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். கிழவி மனம் இளகிவிட்டாள் என்றே உல்லா நம்பினாள்.

டாக்னி உல்லா பக்கம் திரும்பினாள். "பாலாம். இப்ப அளவு தெரியுமில்ல?"

தெரியும். பாலென்றால் வேர்த் தண்ணீரில் சில சொட்டு சோப்பு போதும், நூலுக்கும் ஆபத்தில்லை. அங்கி டாக்னியுடையது. உல்லா தலையைக் குனிந்துகொண்டு சொட்டுகளை விட்டாள். நுரை எழுந்தது. பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க, கறை இளகி வந்துவிட்டது.

டாக்னி ஈர அங்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மருமகளுக்குக் காட்டினாள்.

"பாரு, உன் பிள்ளை பேருக்கு ஒண்ணும் ஆகல. இப்ப சந்தோஷம்தானே?"