பக்கத்தில் நின்ற மாம்பழங்கள்

ஓர் இங்கிலீஷ் நோட்டில் 'தி பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் இருந்தது. அதற்கு எழுவாயான கூடைதான் முதலாளி. முதலாளி ஒருவரே என்பதால் வினைச்சொல் 'இஸ்' சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தது. ஆனால் கூடை முன்னால் எங்கேயோ இருந்தது. வினைச்சொல்லை ஒட்டி நின்றவை கூடையில் இருந்த மாம்பழங்கள்.

"இத்தனை பேர் நிக்கிறோம், கண்ணு தெரியலையா? 'ஆர்' சட்டையைப் போடுப்பா," என்று அவை அதட்டின.

"முதலாளி ஒருத்தர்தானேங்க?"

"அவரை நாங்க பாத்துக்கிறோம்."

ஊரோடு ஒத்துப் போவோம் என்று வினைச்சொல் சட்டையை மாற்றிக்கொண்டது.

சிவப்புப் பேனா வந்தது. வினைச்சொல்லை மட்டும் வட்டம் போட்டு அடித்தது.

"இவங்கதாங்க மாத்தச் சொன்னாங்க!" என்று கதறியது வினைச்சொல்.

"நாங்களா?" என்றன மாம்பழங்கள். "நாங்க பாட்டுக்குக் கூடைக்குள்ள இருக்கோம்."