கேட்காமல் திறந்த பீரோ

மார்ச் 11, மாலை. இன்று ஒரு சிறு தவறு. திருட்டுப் போன வீட்டில் கைரேகை எடுக்க வந்தவள், வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பீரோவைத் திறந்துவிடுகிறாள். கலைந்த துணிகளின் மேல் மஞ்சள் வெயில் சாய்ந்து கிடக்கிறது. அறை வாசலில் நிற்கும் அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். “அவனும் இப்படித்தான் திறந்திருப்பான், இல்ல?” ரேகைப் பொடி தடவும் தூரிகையைப் பிடித்த அவள் கை அப்படியே நிற்கிறது. காலையிலிருந்து வீடு வீடாக அலைந்ததில் அவளுக்குக் கால்கள் கெஞ்சுகின்றன. “தப்புதாம்மா. கேட்டிருக்கணும்.” பீரோவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்து தரையில் உட்காருகிறாள். எங்கோ குழாய் சொட்டுகிறது. அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருகிறார். “பூட்டை ஒழுங்கா பூட்டினியான்னு என் தங்கச்சியே கேக்கறா. நானே கூப்பிட்டுச் சாவி குடுத்த மாதிரி.” “நான் அதைக் கேக்க வரலம்மா.” “இப்படி உக்காந்திருந்தா உங்க ஆபீஸ்ல திட்ட மாட்டாங்களா?” “திட்டுவாங்க. பழகிடுச்சு.” அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைகிறது. “அவன் தொட்ட துணியெல்லாம் இப்பவே துவைச்சுப் போடணும்போல இருக்கு. இன்னிக்கு இதுக்கு மேல முடியலம்மா, ரேகை எடுக்க நாளைக்கு வர்றியா?” “வர்றேன். அதுவரைக்கும் பீரோவை மட்டும் யாரும் தொடாம பாத்துக்குங்க.” அம்மா தலையசைக்கிறார். வெயில் அறையை விட்டு இறங்குகிறது. இருவருக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை.

நாளை: காலையில் முதல் வேலையாக இந்த வீடு. அம்மா சரி என்று சொன்ன பிறகே பீரோ. ரேகை எடுத்ததும், துணி துவைக்கலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.