தொங்கட்டான்

“அவ உள்ளேதான் சார் இருக்கா. காலையில கழுத்தை முடிச்சிட்டுத்தான் வெளியே வந்தேன்,” என்றான் பசை.

தேர்வாளர் ஓரடி பின்வாங்கினார்.

“ஓவியம் சார், ஓவியம்,” என்று குறுக்கே விழுந்தார் துறைத்தலைவர்.

ஆப்பிரிக்கப் பழங்குடிப் பெண் ஒருத்தியின் முகம். சாக்குநாரில் கூந்தல், உடைந்த பீங்கானில் பல், பழைய திரைச்சீலையில் அங்கி. கையில் அகப்பட்டதையெல்லாம் படத்தில் ஒட்டிவிடுவான் என்பதால்தான் வகுப்பில் அவனுக்குப் பசை என்று பெயர்.

இந்த முறையும் தேறாவிட்டால் மாமாவின் டயர் கடையில் பஞ்சர் போட வேண்டும். அதுவும் ஒட்டுகிற வேலைதானே என்று அப்பா ஆறுதல் சொல்லியிருந்தார்.

இப்போது ஓவிய அறை திறக்கவில்லை. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு, காற்று சாத்திவிட்டது.

“சாவி எங்கேய்யா?”

“காலையில திறந்துவிட்டுட்டு, இந்தத் தம்பியோட சாமான் கிடந்த மேஜை மேலதான் சார் வெச்சேன்,” என்றார் அட்டெண்டர்.

ஜன்னல் கம்பிகளுக்கிடையே எட்டிப் பார்த்தார்கள். மேஜையில் ஒரு பாசிமணிகூட மிச்சமில்லை.

“சாவிக்குக் கால் முளைச்சிடுச்சா?” என்றார் துறைத்தலைவர். பூட்டை உடைக்கக் கல்லூரி முதல்வர் கையெழுத்து வேண்டும். முதல்வர் ஊரில் இல்லை. எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவும் எல்லோரையும் பார்த்தது.

தேர்வாளர் கைக்கடிகாரத்தைத் திருப்பினார். “எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. கிட்டப் போய்ப் பார்க்காம மார்க் போட முடியாது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் தம்பி.”

“ஜன்னல் வழியாவாவது ஒரு தடவை பாருங்க சார்.” பசை ஜன்னல் பக்கம் கை காட்டினான்.

வேண்டாவெறுப்பாகக் கம்பியில் முகத்தைப் பதித்தவர், அப்படியே நின்றார்.

“இடது காதுல தொங்குதே, அந்தப் பித்தளைத் தொங்கட்டான். ஒரு நாகரிகமே தொங்குதுய்யா அதுல. எப்படிக் கிடைச்சது உனக்கு?”

பசையும் பார்த்தான். செம்புக் கம்பி சுற்றி, சிவப்பு மணி கோத்து, காலையில் அவசரமாக மாட்டியது. கம்பிக்குக் கீழே ரெண்டு பித்தளைப் பல் நீட்டிக்கொண்டிருந்தது.

“சொல்லுப்பா. எந்தப் பழங்குடியோடது அது?”

“இந்த ரூமோடது சார்.”