சோத்துக்கு வந்தன்

நடுப்பகல் லுஹர் தொழுது பள்ளி கலைகிற நேரத்தில் கேற்றடியில் பைக் வந்து நின்றது.

பரீனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். றஊப்தான், அவளைக் கட்டிய மாப்பிள்ளை. பகலில் வீட்டுக்கு வருவதை அவர் நிறுத்திப் பல நாளாகிறது.

"சோத்துக்கு வந்திரிக்கன் புள்ள."

கலியாணம் முடித்த காலந்தொட்டு அவர் வாசலில் சொல்கிற சொல்தான். இன்று கேட்டதும் அவளுக்குத் திக்கென்றது.

சீனி வருத்தத்துக்கு டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்ல, ரோசத்தில் அடியோடு விட்ட மனிதர். முதல் வாரம் பெரிய கூத்து. தலையிடி, எரிச்சல், தொட்டதற்கெல்லாம் பாய்ச்சல். பிறகு அந்தப் பசி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. காலையில் இரண்டு முட்டையும் ஒரு துண்டு மீனும் தின்றால் பொழுதுபடும்வரை ஆள் அசைவதில்லை. முன்பெல்லாம் கல்முனை பசாரில் தன் புடவைக் கடையைப் பாதியில் சாத்திவிட்டுச் சோற்றுக்கு ஓடி வந்தவர்!

அத்தனை பெரிய பசி எங்கேதான் போகும்? பரீனாவுக்கு அது தீராத புதினமாய், அதிசயமாய் இருந்தது. கள்ளமாகத் தின்கிறாரோ என்று சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். அவர் வருகிற நேரம் பார்த்துக் கருவாடு பொரித்தாள். "நல்ல வாசம்" என்றாரே தவிர, கை நீட்டவில்லை.

அதைவிடப் புதினம், சோற்றை விட்டது அவர், பசி போனது அவளுக்கு. இறால் ஆணமும் கீரையுமாக அவள் ஆக்கத்தான் செய்தாள். பகலில் தனியே இருந்து இரண்டு பிடி பிசைந்தால் தொண்டையில் இறங்க மறுத்தது. இன்று உலையே வைக்கவில்லை.

"சோறு ஆக்கல்லயே. இவ்வளவு நாளும் பட்ட பாடெல்லாம் வீணா?" என்றாள், அழாக்குறையாக.

றஊப் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கமான கதிரையில் வந்து அமர்ந்தார்.

"சோத்துக்கு வந்தன் எண்டன். சோறு தா எண்டு கேட்டனா? எனக்குப் பசிக்கல்ல புள்ள. கடையில இருப்புக்கொள்ளல்ல."

பரீனா உள்ளே போய் அரிசி வாளியைத் திறந்தாள்.

ஒரு ஆளுக்குக் காணுமளவு அள்ளினாள்.

அவளுக்குக் கபகபவென்று பசித்தது.